பாட விடாத பாராட்டு

தேவராஜ மார்க்கெட்டில் நேற்று ஒரு பழக்கடைக்காரர் கூடையில் ஆப்பிளை அடுக்கி, மேலே கண்ணாடிக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சரசரப்பு காதில் விழுந்ததுமே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்? மைசூரில் ஒருவரை விழாவுக்குக் கூப்பிட்டு, வாயைத் திறக்க விடாமல் அனுப்ப வேண்டுமென்றால் முதலில் வாங்குவது அந்தக் கூடையைத்தான்.

நான் ராப் பாடுகிறவள். சிரிக்காதீர்கள், என் வீட்டிலேயே வேண்டிய மட்டும் சிரித்துவிட்டார்கள். கொள்ளேகால் தமிழையும் மைசூர்க் கன்னடத்தையும் கலந்துகட்டி மூச்சுவிடாமல் பாடுவேன். ஆரம்பத்தில் மேடை ஏது? கார்மெண்ட்ஸ் ஃபேக்டரி ஷிப்ட் விடுகிற நேரத்தில், எதிரே டீக்கடை ஓரமாகச் சின்ன ஸ்பீக்கரை வைத்து நானும் மகேஸ்வரியும் பாடுவோம். அவளுக்கு அந்த ஃபேக்டரியிலேயே தையல் வேலை. சூப்பர்வைசர் ஏசுவதும், பாத்ரூம் போக விடாததும்தான் எங்கள் பாட்டு. நான் வேகத்தில் தடுமாறினால் அவள் சிரித்துக்கொண்டே வரியைப் பிடித்துக்கொள்வாள்.

அப்புறம் எனக்குத் தூக்கம் போனது. காரணமே தெரியாமல் அழுகை. மனநல மருத்துவரிடம் போனேன், மாத்திரை சாப்பிட்டேன், தேறினேன். அதையும் பாட்டாக எழுதினேன். கேட்ட பெண்கள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய், "அக்கா, எந்த டாக்டரு?" என்பார்கள். கைதட்டலைவிட எனக்கு அந்தக் கேள்விதான் பிடிக்கும்.

கொஞ்ச காலத்தில் மகேஸ்வரிக்கும் அதே கதை. வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அவள் அம்மா மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்.

"கயிறு இருக்கட்டுங்கம்மா, டாக்டர்கிட்டயும் போலாம்."

"பைத்தியமின்னு பேரு வந்துட்டா, நாளைக்கு எவன் கட்டுவான் கண்ணு?"

கெஞ்சிக் கூத்தாடி, மனநல விழிப்புணர்வு விழா ஒன்றுக்கு இருவரையும் வரவழைத்தேன். மேடையில் நான் என் கதையைப் பாடினால் அம்மா மனசு மாறும், மகேஸ்வரியை டாக்டரிடம் போக விடுவார் என்று அப்படி ஒரு நம்பிக்கை.

இந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, பாராட்டு முடிந்தால்தான் மற்றதெல்லாம். ஒவ்வொரு விருந்தினருக்கும் ஜரிகை வைத்த மைசூர்த் தலைப்பாகை, சால்வை, மாலை, பழக்கூடை, போட்டோ. என் சுருட்டைமுடியில் தலைப்பாகை நிற்கவே மாட்டேனென்றது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கூடையோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி இளித்துக்கொண்டு நின்றேன். தலைவர் மன அமைதியைப் பற்றிப் பேசிப் பேசி, எனக்கிருந்த கொஞ்சநஞ்ச அமைதியையும் கெடுத்தார். ஒருவழியாக மைக் என் கைக்கு வந்தபோது நிர்வாகி ஓடிவந்தார்.

"மேடம், டைம் ஆய்த்து! ஊட்டா ரெடி இதே, பன்னி பன்னி." நேரமாகிவிட்டதாம், சாப்பாடு தயாராம், வா வா என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார்.

"நாலு வரி சார், நாலே வரி!"

தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். அதற்குமேல் யார் வாயைத் திறப்பது? தலைப்பாகையோடு விறைப்பாக நின்றேன். முடிந்ததும் கூட்டம் சாப்பாட்டுக்குப் பறந்தது.

வாசலில் மகேஸ்வரியின் அம்மா பூரித்துப்போய் நின்றார். "பாத்தியாடி மகேசு, எத்தன மருவாத! இவளுக்கு என்ன கொற? இவளாட்ட நீயும் மனசத் தெடமா வெச்சுக்க, எல்லாஞ் செரியாப் போயிரும்."

"அம்மா, நான் மாத்திர சாப்ட்டுத்தாங்க எந்திரிச்சேன்."

"சும்மா வெளையாடாத சாமி" என்று என் கன்னத்தைத் தட்டினார். மகேஸ்வரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தலைப்பாகையைத் தூக்கி நடுரோட்டில் எறியலாம் போலிருந்தது.

அடுத்த தையில் அவளை ஹனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். போன் நம்பர் மாறிவிட்டது. அம்மாவைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கா" என்பதோடு சரி.

அந்த டீக்கடை இப்போது மொபைல் கடை. பாட்டு முடிந்தால் செல்ஃபி எடுக்க ஓடிவருகிறார்கள். எந்த டாக்டர் என்று ஒருத்தியும் கேட்பதில்லை. இப்போதெல்லாம் நான் கறாராகச் சொல்லிவிடுகிறேன், முதலில் பாட்டு, அப்புறம்தான் சால்வை என்று. சரி என்கிறார்கள், நேரமும் தருகிறார்கள். முழுப் பாட்டையும் பாடுகிறேன். கேட்க வேண்டியவளைத்தான் காணோம்.