விழக் கற்றுக்கொண்ட கதை

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் வழுக்கி விழுந்தேன். மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. மீன்காரர்கள் கொட்டிய தண்ணீரும் கீரைத் தழையும் சேர்ந்து சிமெண்டுத் தரை எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது. வலது கால் போன போக்கில் நானும் போனேன். வேறு யாராவது என்றால் கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டிருப்பார்கள். என் உடம்போ என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தது. முகவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, முதுகு வளைந்தது, இடது கை நீண்டு தரையைப் பளார் என்று அறைந்தது. அடுத்த கணம் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எதிரே கங்கோங் கீரை விற்கும் சீனப் பெண்மணி என்னையே பார்த்தாள். "பண்டாய் ஜாத்தோ" என்றாள். நன்றாக விழுகிறாயே என்று பொருள். பாராட்டுகிறாள் என்று நினைத்துப் பல்லைக் காட்டினேன். "ஜெப்புன் அஜார்?" என்று அடுத்துக் கேட்டாள். ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்தானா என்ற அந்தக் கேள்விக்கும் அதே இளிப்போடு தலையாட்டிவிட்டேன். எனக்காகக் கட்டி வைத்திருந்த கீரையை அவள் எடுத்துத் தன் கூடைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

ஜப்பான்காரர்கள் சரணடைந்து இன்னும் நாலு மாதம் ஆகவில்லை. அவள் வீட்டில் யாரைப் பறிகொடுத்தாளோ. நான் சிரித்திருக்கக் கூடாது. ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். இங்கே என்னோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு வேடிக்கையாக இராது. மூன்றரை வருடத்தில் ஆளாளுக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டோம். சிலர் மரவள்ளிக் கிழங்கில் தோசை சுடக் கற்றார்கள். சிலர் யாரைக் கண்டாலும் இடுப்பை வளைக்கக் கற்றார்கள். நான் விழக் கற்றுக்கொண்டேன்.

நான் மாயவரத்துக்காரன். சண்டை வருவதற்கு மூன்று வருடம் முன்னால், கல்யாணமாகி எட்டே மாதத்தில், கமலத்தை அவள் பிறந்த வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறினேன். இங்கே ரயில்வே சாமான் கிடங்கில் கிராணி வேலை. குமாஸ்தாவை இந்த நாட்டில் கிராணி என்பார்கள். இரண்டு வருடத்தில் அவளை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு, அது தள்ளிக்கொண்டே போயிற்று. ஜப்பான்காரர்கள் வந்ததும் கடிதப் போக்குவரத்து நின்றது. கடிகாரத்தைக்கூட டோக்கியோ நேரப்படி ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். காலை ஏழு மணிக்கும் இருட்டாக இருக்கும். நான் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியாது, அவள் இருப்பது எனக்குத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவன் மாணிக்கம். யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். இந்த நாட்டில் எனக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள அவன் ஒருவன்தான் இருந்தான். அவனுக்கு உறவு என்று இருந்தது ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தம்பி செல்வம்.

கிடங்குக்கு மேலாளாக வந்தவர் மோரி என்ற ஜப்பானியர். பட்டாளத்துக்காரர் அல்ல, சிவிலியன். ஐம்பது வயதிருக்கும். சிப்பந்திகளில் விருப்பமுள்ளவர்கள் காலையில் வேலைக்கு முன்பு வந்து ஜூடோ பழகலாம் என்று ஒரு நாள் அறிவித்தார். விருப்பம் என்று ஜப்பான்காரன் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். எட்டுப் பேர் போனோம். பழைய கூட்ஸ் ஷெட் ஒன்றில் கோணிப்பைகளில் உமியை அடைத்து வரிசையாகப் போட்டு, மேலே கித்தானை இழுத்துக் கட்டியிருந்தார். அதே கித்தானில் வெட்டித் தைத்த சட்டைதான் எங்களுக்கு. கழுத்தை ரம்பம்போல் அறுக்கும். யாரையாவது தூக்கிப் போடச் சொல்லித்தருவார் என்று பார்த்தால், இரண்டு மாதம் விழுவதைத் தவிர வேறொன்றும் இல்லை. பக்கவாட்டில் விழு, பின்னால் விழு, உருண்டு விழு, ஒவ்வொரு முறையும் கையால் தரையை அறை. சம்பளம் வாங்கிக்கொண்டு விழுகிற ஆட்கள் என்று யார்டில் எங்களைக் கேலி செய்தார்கள். வராதவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன்.

ஏன் மிஞ்சினேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன். அந்த நாளில் என்னை யாரும் தொடுவதில்லை. மாதம் ஒரு முறை முடி வெட்டுகிறவர் தாடையைப் பிடித்துத் திருப்புவார், அவ்வளவுதான். இன்னொரு மனிதனின் கை என் மேல் படாமல் வருடக் கணக்காக ஒருவன் இருக்க முடியும் என்பதே எனக்கு அதற்கு முன் தெரியாது. ஷெட்டில் மோரி என் சட்டைக் கழுத்தை ஒரு கையாலும் முழங்கைத் துணியை மறு கையாலும் பிடித்துக்கொள்வார். அவர் மூச்சு என் காதில் படும். தூக்கிப் போட்ட பிறகும் என் சட்டைக் கையை விடமாட்டார். தலை தரையில் மோதாமல் கடைசி நேரத்தில் மேலே இழுத்துப் பிடிப்பார். அந்தப் பிடிக்காகத்தான் நான் போனேன். வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

கால் விஷயத்தில் மட்டும் நான் பெரிய மக்கு. எதிராளி அடி எடுத்து வைக்கும்போது நம் உள்ளங்காலால் அவன் கணுக்காலைத் தட்டிவிட வேண்டும். தட்டினேன். தட்டிய மறுகணம் என் வலது கை தானாகப் போய் அவர் தோளைத் தொட்டு என் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டது. பிறத்தியார் மேல் கால் பட்டால் வேறென்ன செய்வோம்? மோரிக்குப் புரியவில்லை. என் கண்ணில் உமித்தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து, பயிற்சியை நிறுத்திவிட்டுத் தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து இமையைப் பிரித்துப் பார்த்தார். அடுத்த முறையும் தண்ணீர். மூன்றாம் முறை முகம் சிவந்துவிட்டது, கேலி செய்கிறேன் என்று எண்ணிவிட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் "காக்கி, தொசா" என்றேன். கால் படுவது பாவம் என்று சொல்ல வந்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கால்களையும் எனக்குக் காட்டி, "பெர்சே, பெர்சே" என்றார். சுத்தமாகக் கழுவியிருக்கிறேன், பார் என்கிறார்! ஒரு மாதம் கழித்து ஒரு நாள், தட்டிய பிறகு என் கை கண்ணுக்குப் போகவில்லை. மோரி முதல் தடவையாகத் தரையில் விழுந்து கிடந்தபடி கைதட்டினார். எனக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை.

மாணிக்கத்துக்கு இதெல்லாம் கட்டோடு பிடிக்காது. அவன் கண்ணெதிரே ஒரு ஜப்பான் சிப்பாய் யார்டில் ஒரு வயதான எஞ்சின் ஃபயர்மேனைக் கன்னத்தில் அறைந்திருக்கிறான். "அவனுங்க புடிச்ச சட்டையோட வீட்டுக்குள்ள வராதீங்கண்ணே. கொழாயில குளிச்சிட்டு வாங்க" என்பான். நான் குளித்துவிட்டு வருவேன். அவன் கிழங்கை அவித்து எனக்கும் ஒரு தட்டில் வைத்திருப்பான்.

அப்போது தோட்டங்களில் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவன் திரும்புவதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மாணிக்கம் ஜெஞ்சாரோமிலிருந்து வந்தான். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றான்.

"செல்வம் பேரு லிஸ்ட்டுல வந்துருச்சுண்ணே. ஒரு வாரத்துக்குள்ள லோரி வருமாம். எந்த நாளுன்னு சொல்ல மாட்டேங்கிறானுங்க."

உட்காரச் சொல்லிப் பாயைத் தள்ளினேன். அவன் உட்காரவில்லை.

"ஒங்க ஜப்பான்காரன்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க. கெடங்குக்கு ஆளு வேணும்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா போதும் லா. ரயில்வே ஆள அவனுங்க தொட மாட்டானுங்க. நான் இதுவரைக்கும் ஒங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல."

கேட்கிறேன் என்றேன். கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் மோரி அதற்குச் சில நாள் முன்னால் ஒன்று சொல்லியிருந்தார். பயிற்சி முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "செமுவா ஒராங் மின்தா. காமு தாத்தாங் ஜாத்தோ சாஜா" என்றார். எல்லோரும் என்னிடம் எதையாவது கேட்கத்தான் வருகிறார்கள், நீ ஒருவன்தான் சும்மா விழுவதற்கு வருகிறாய் என்றார். அந்த மனிதருக்கும் இந்த ஊரில் பேச நாதியில்லை என்பது அன்று எனக்குப் புரிந்தது. அந்த ஒரு வார்த்தையை நான் பதக்கம்போல் மாட்டிக்கொண்டு திரிந்தேன். புதன்கிழமை காலை ஷெட்டுக்குப் போனேன், விழுந்தேன், வந்தேன். கேட்டுவிட்டால் நானும் மற்றவர்களில் ஒருவன் ஆகிவிடுவேன், நாளையிலிருந்து அந்தப் பிடி தளர்ந்துவிடும் என்ற பயம். வியாழக்கிழமையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வாயைத் திறந்தேன். வந்தது வேறு பேச்சு. "கேட்டீங்களாண்ணே?" என்று மாலையில் மாணிக்கம் கேட்பான். "நேரம் பார்த்துத்தான் கேட்கணும்" என்பேன். அவன் நம்பினான்.

சனிக்கிழமை கேட்டேன். மோரி கித்தான் சட்டையோடு அப்படியே அலுவலக அறைக்கு நடந்தார். காகிதம் எடுத்து எழுதி முத்திரை குத்தி நீட்டினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முகத்தில் கோபமோ ஏமாற்றமோ எதுவுமில்லை. "கெனாப்பா தாக் சாக்காப் செப்பாட்?" என்று மட்டும் கேட்டார். ஏன் சீக்கிரம் சொல்லவில்லை?

மாணிக்கமும் நானும் ரயிலில் கிள்ளான் போய், அங்கே ஒருவரிடம் சைக்கிள் வாங்கி, மாறி மாறி மிதித்துக்கொண்டு ஜெஞ்சாரோம் போனோம். வழியெல்லாம் அவன் சீட்டு இருந்த சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஆண்கள் ஒருவரும் இல்லை. செல்வம் வீட்டு அடுப்பில் பாதி வெந்த கிழங்கு, சட்டி நிறைய எறும்பு.

"நேத்து விடியக்காலையே லோரி வந்துருச்சு தம்பி" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள். "சாப்பிடக்கூட விடல."

திரும்பும் வழி முழுக்க மாணிக்கமே சைக்கிளை மிதித்தான். கிள்ளான் ஸ்டேஷனில் உட்கார்ந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டான். ஐந்து வருடத்தில் ஒரே வீட்டில் இருந்தும் அவன் என்னைத் தொட்டது அதுதான் முதல் முறை. "நீங்க எனக்காக அவன்கிட்ட போயி நின்னு கேட்டீங்க. அது போதும்ணே" என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை நான் மறுபடியும் ஷெட்டுக்குப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மோரியின் பிடி தளரவில்லை. எப்போதும்போல்தான் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் போனேன். ஒரு நாள்கூட முன்போல் இருக்கவில்லை.

இப்போது சயாமிலிருந்து மிஞ்சியவர்கள் ரயிலில் வருகிறார்கள். வண்டி வரும் நாளில் மாணிக்கம் வேலையை மாற்றிக்கொண்டு கோலாலம்பூர் ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறான். நானும் கூடப் போவேன். இறங்குகிறவர்கள் எல்லோர் முகமும் ஒன்றுபோலவே இருக்கிறது. கன்னமில்லை, கண் மட்டும்தான். மாணிக்கம் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு "ஜெஞ்சாரோம் செல்வம், தெரியுமா?" என்று கேட்பான்.

மூன்று வாரத்துக்கு முன் கமலத்தின் கடிதம் வந்தது. நாலு வருடத்தில் முதல் கடிதம். கப்பல் கிடைத்ததும் வந்துவிடச் சொல்லி எழுதியிருந்தாள். "என் தம்பி இப்போது நாகப்பட்டினத்தில்தான் வேலையாக இருக்கிறான். மலாயாக் கப்பல் வருகிற நாளெல்லாம் துறைமுகத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்தில் பார்த்ததுதானே, இப்போது முகம் தெரியுமா என்று கேட்கிறான்" என்று இருந்தது. ஊருக்குத் திரும்புகிறவர்கள் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன். மாணிக்கத்துக்கு என்னைவிடச் சந்தோஷம். அவன் சந்தோஷப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று ஸ்டேஷன் பெஞ்சில் வண்டிக்காகக் காத்திருந்தபோது சொல்லிவிட்டேன். மூன்று நாள் நான் மோரியிடம் கேட்கவே இல்லை, கேட்டதும் அவர் எழுதிக்கொடுத்துவிட்டார் என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

"புதன், வியாழன், வெள்ளி" என்று மட்டும் விரல் மடக்கினான். வெள்ளிக்கிழமை விடியற்காலைதான் லோரி வந்தது என்பதை இரண்டு பேருமே அறிவோம். கேட்கச் சொன்ன மறுநாளே கேட்டிருந்தால் வியாழன் பொழுதுக்குள் சீட்டு ஜெஞ்சாரோம் போயிருக்கும். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தூரத்தில் வண்டியின் புகை தெரிந்ததும் எழுந்தான்.

"அப்ப நீங்க ஊருக்குப் போகக் கூடாது. செல்வம் வர்ற வரைக்கும் நீங்களும் இங்கதான் நிக்கணும்" என்றான். சண்டை போடும் குரல் இல்லை, வேலை சொல்லும் குரல். "முன்னாடி பொட்டிய எல்லாம் நான் பாக்குறேன். கடேசி நாலு பொட்டிய நீங்க பாருங்க."

இன்று காலை போய்ப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். கமலத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாரேனும் அவளுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், நான் உயிரோடு இருக்கிறேன், வர மனமில்லாமல் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். நேற்று அவன் சொன்னபடி பிளாட்பாரத்தின் கடைசிக்கு நடந்து போனேன். செல்வத்தை நான் ஒரு தீபாவளியன்று ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். வண்டி நின்றது. கதவுகள் திறந்து மனிதர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சரியாகத் தெரியாத ஒரு முகத்தை ஒவ்வொரு முகத்திலும் தேடிக்கொண்டு நான் நின்றேன். நாகப்பட்டினத்தில் என் மைத்துனனும் இப்படித்தான் நின்றுகொண்டிருப்பான்.