பளபளப்பான கொக்கி

அக்கா வீட்டு ஜன்னலில் ஒரு ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. அதில் ஊறுகாய் இல்லை, உப்புப் பாத்தியிலிருந்து மொண்டு வந்த, உப்பு முற்றிய கெட்டித் தண்ணீர். பாட்டிலுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த கொக்கி ஒன்று கிடக்கிறது. கூரைத் தகரத்தை இரும்புக் குழாயோடு இறுக்கிப் பிடிக்கும் கொக்கி. அதைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பேச்செடுத்தால் என் வண்டவாளமும் வெளியே வந்துவிடும்.

அக்காவும் மாமாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஓலையைப் பிரித்துத் தகரம் போட்ட வருஷம், கடைத்தெருவில் பளபளவென்று கொக்கி வாங்கினாள் அக்கா. துத்தநாகம் பூசியது, உப்புக் காற்றுக்கு அசையாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். "அந்த சத்தியத்த பில்லுல எழுதிக் குடுங்க" என்று நின்று வாங்கினாள். சோப்புக்கும் பில் கேட்கிறவள் என்று நானும் மாமாவும் அவளைக் கேலி செய்தோம். புது இரும்பைக் கெட்டித் தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டுத் துருவேறுகிறதா என்று பார்ப்பது உப்பளத்து வழக்கம். கூரை போடுகிறவர் வாசலில் காத்திருக்கிறார், அதற்கெல்லாம் நேரம் ஏது என்று அவசரப்படுத்தியவன் நான்தான்.

மறுவருஷம் புயல் வந்தது. பட்டப்பகலில் வீடு இருண்டது. தலைக்கு மேல் கொக்கிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. ஒரு தகரம் எழும்பியதும் மாமா தாவிப் பிடித்தார். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனபோது அவருடைய இடது கையை முழங்கைவரை கிழித்துப் போட்டது. வீட்டுக்குள் நின்ற மழைத்தண்ணீர் சிவந்துபோயிற்று. அக்கா புடவையைக் கிழித்துக் கட்டக் கட்ட, ரத்தம் துணியைத் தாண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கையை எடுத்துவிட்டார்கள்.

அக்கா உட்கார்ந்து அழவில்லை. இடிபாட்டில் குனிந்து கொக்கிகளைப் பொறுக்கினாள், போனில் படம் எடுத்தாள், பில்லோடு ஒரே பையில் கட்டி வைத்தாள். நுகர்வோர் கோர்ட்டில் மனு கொடுத்தாள். அதற்குள் கடைக்காரரின் வேன் தெருவுக்கே வந்துவிட்டது. பழைய கொக்கியைக் கொடுத்தால் புதுசு இலவசமாம். நொந்துபோன ஜனம் வரிசையில் நின்று கொடுத்தது. சாட்சியை மூட்டை கட்டிக்கொண்டு போகிறார் என்பது அக்காவுக்கு மட்டும்தான் உறைத்தது. அவள் பையைக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டாருக்குக் கிடைத்த புதுசு ஒன்றை வாங்கி பாட்டிலில் போட்டாள். மூன்றாம் நாள் வெள்ளிச் சாயம் உரிந்து பழுப்பேறிக் கிடந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. பையிலிருந்து ஒரு கொக்கியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். "டேய், எங்க மாமா கையக் குடுடா!" என்று கத்தியபடி மேசையைத் தாண்டிக் குதித்து கடைக்காரர் முகத்தில் குத்தினேன். கொக்கி கையில் இருந்ததை மறந்துவிட்டதாகப் போலீசில் சொன்னேன். பொய். அவருடைய கன்னம் காதுவரை பிளந்தது. விழுந்தவரை விலாவில் மிதித்தேன். அப்போது அது இனித்தது. இப்போது எழுத அருவருப்பாக இருக்கிறது. கடைக் கேமரா எல்லாவற்றையும் பிடித்துவிட்டது. அவரை மாட்டிவிட வேண்டிய கொக்கி என்னை மாட்டிவிட்டது.

பெரிய மனிதர்கள் சமரசம் பேசினார்கள். அவர் புகாரை வாபஸ் வாங்குவார். அக்கா மனுவை வாபஸ் வாங்க வேண்டும், பையை ஒப்படைக்க வேண்டும், கடையைப் பற்றி இனி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. கையெழுத்துப் போடாதே என்று அவள் காலைப் பிடித்தேன்.

"மாமாவுக்குப் போனது ஒரு கை. நீயும் உள்ள போயிட்டா எனக்கு ரெண்டு கையும் போச்சுடா" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். அதற்குமேல் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் குத்திய கொக்கி என்று போலீஸ் வைத்திருந்து பிறகு திருப்பிக் கொடுத்த அந்த ஒற்றைக் கொக்கி மட்டும் எங்களிடம் மிஞ்சியது.

நேற்று மறுபடியும் எச்சரிக்கை வந்தது. இன்னும் ஐந்தாறு நாளில் புயலாம். எதிர்வீட்டுப் பெண் பை நிறையக் கொக்கியோடு வந்தாள். அதே கடை, அதே பளபளப்பு.

"நல்லா இருக்குதாக்கா? கூரைக்கு ஆளு வேற வந்து நிக்கிறாரு."

அக்கா பேசவில்லை. "பில்லு வாங்கினியா?" என்றுகூடக் கேட்கவில்லை. பையிலிருந்து ஒன்றை எடுத்து ஊறுகாய் பாட்டிலில் போட்டாள். மூடியை இறுக்கி அவள் கையில் கொடுத்து, மூன்று விரலைக் காட்டினாள். அந்தப் பெண் ஜன்னலில் கிடந்த துருப்பிடித்த கொக்கியைப் பார்த்தாள். பிறகு, மடித்து ஊசி குத்தியிருந்த மாமாவின் சட்டைக் கையைப் பார்த்தாள்.

"ஆள திருப்பி அனுப்பிடறேன்க்கா" என்று சொல்லிவிட்டு பாட்டிலோடு தெருவைக் கடந்து போனாள்.