இத்தாவில் இருந்தபோது வெளியே வந்த கோயில்

அவர் மௌத்தாகி மூன்று மாதம் இருக்கும். மருதமுனையில் மகளின் வீட்டு அறையில் இத்தா இருந்தேன். புருஷன் இறந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டக் கூடாது. அது எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. முன்பும் நான் எங்கே போனேன்? ஆனால் சும்மா இருக்கிறதே உடம்பை இப்படி அலுக்கப்பண்ணும் என்று நினைக்கவில்லை.

ஒரு பகல் மகள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். மலைநாட்டில் மழை இல்லாமல் ஒரு நீர்த்தேக்கம் வற்றி, உள்ளே கிடந்த கிறிஸ்தவர்களின் பழைய வேதக் கோயில் வெளியே தெரிகிறதாம். சேறு வெடித்துக் கிடந்தது. கூரையில்லாத சுவர், மணி இல்லாத கோபுரம், பக்கத்தில் மூன்று படி.

“இந்தப் படியில இருந்துதான் நான் எழுதப் பழகினன்” என்றேன்.

மகள் என்னையே பார்த்தாள். “நீங்க வேதக் கோயில்லயா படிச்சீங்க? இவ்வளவு காலமும் சொல்லல்லையே உம்மா.”

“நீ கேக்கல்லையே.”

வாப்பா இங்கே நெய்த சாரன்களைக் கொண்டுபோய் அந்த ஊரில் விற்றார். நாங்களும் அங்கேதான் குடியிருந்தோம். கோயிலோடு சேர்ந்த பள்ளிக்கூடம். வகுப்புக்குள் இருட்டு, குளிர். வெயில் வந்தால் டீச்சர் எங்களைப் படியில் கொண்டுபோய் இருத்துவார். ஐந்தாம் வகுப்பு முடிகிற நேரம், அணை கட்டித் தண்ணீர் ஏறப்போகிறது என்று எல்லாரையும் ஊரைவிட்டு எழும்பச் சொன்னார்கள். இங்கே வந்த பிறகு, பெரியவளாகப் போகிற பிள்ளைக்கு இனி என்ன படிப்பு என்று என்னைச் சேர்க்கவில்லை. நூல் சுற்றினேன். பிறகு கலியாணம்.

அவருக்கு மட்டும் சொல்லியிருந்தேன். “உன்ட பள்ளிக்கூடத்தில இப்ப மீன் படிக்குது. அதுவும் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாது” என்று சிரிப்பார். வற்றுகிற வருஷம் கூட்டிப்போகிறேன் என்பார். வற்றின வருஷமெல்லாம் அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும். நானும் வாய் திறந்து கேட்கிறவள் இல்லை.

இந்த முறை கேட்டேன். இத்தா முடிந்த அன்றைக்கே போகவேண்டும் என்றேன். மகள் வேன் பேசிவைத்தாள்.

அது அவருடைய அக்காவின் காதுக்குப் போய்விட்டது. இடியப்பம் கொண்டுவந்த மதினி அறை வாசலில் நின்று, “புதுப் பொண்ணுக்குப் பயணமாம். அதுவும் கோயில் பார்க்க” என்றார். நான் இடியப்பத்தை வாங்கி வைத்தேன்.

பிறகு ஒவ்வொரு விடியலையும் எண்ணினேன். இங்கே வெயில் எரித்தது. அங்கே மழை தொடங்கிவிட்டது. படம் போட்ட ஆளுக்கு மகள் போன் எடுத்துக் கேட்டாள். ரெண்டு படி தண்ணீருக்குள் போய்விட்டதாம், மேல்படி மட்டும் மிச்சமாம், நாளைக்கு வந்தால் பார்க்கலாமாம். இத்தா முடிய இன்னும் ரெண்டு நாள் இருந்தது.

“ரெண்டு நாள்தானே உம்மா. விடியக் கிளம்பினா யாருக்குத் தெரியப் போகுது?”

எழும்பி, வெளியே போகப் போடுகிற அபாயாவை ஆணியிலிருந்து எடுத்தேன். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டேன். மதினிக்குப் பயந்து இல்லை. அவர் என்னைக் கூட்டிப்போகாதது இத்தனை வருஷமும் மனதுக்குள் கிடந்தது. இப்போது இத்தாவை முறித்துக்கொண்டு போனால், அந்தக் கோபத்தில் போனது போல ஆகிவிடும். அவர் கெட்ட மனிசன் இல்லை. அவருக்காக நான் செய்ய மிச்சம் இருந்ததே இந்த ரெண்டு நாள்தான்.

“இல்ல மகள். இருந்து முடிக்கிறன்.”

“அப்ப அந்தப் படி?”

“போகட்டும்.”

மகள் எழும்பிப் போனாள்.

முடிந்த அன்று குளித்துவிட்டு வந்தேன். மதினி புதுச்சாரியோடு வந்திருந்தார். வாசலில் வேன் நின்றது. “மேல்படியும் மூழ்கிட்டுதாம். தண்ணியையாவது பார்த்திட்டு வருவமா?” என்று மகள் கேட்டாள். நாள் முழுக்க வேனில் இருந்துபோய்த் தண்ணீரைப் பார்க்க எனக்கு இடுப்பில் பலம் இல்லை. வேனை அனுப்பச் சொன்னேன். கதவு திறந்துதான் கிடந்தது. அன்றைக்கும் நான் அறையிலேயே படுத்திருந்தேன்.