யானை உருட்டிய பாறை

திறமையைப் பார்த்து எனக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட வேலை, தப்பாகப் பதில் சொல்வது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. வேலை கொடுத்தவள் என் சித்தி.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பில் சில வாரங்கள் ஏதாவதொரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழக வேண்டும். கடைசியில் வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வருவார். வகுப்பறையில் உட்கார்ந்து ஒரு முழு வகுப்பையும் கவனித்து மார்க் போடுவார். சித்திக்குக் கிடைத்தது செஞ்சியில் எங்கள் பள்ளி, எங்கள் வகுப்பு, புவியியல் பாடம். தங்கியது எங்கள் வீட்டில். காலையில் கடைசி தோசைக்காக யாரோடு மல்லுக்கட்டினேனோ, அதே ஆளுக்குப் பத்து மணிக்கு எழுந்து நின்று "வணக்கம் டீச்சர்" சொல்ல வேண்டியிருந்தது. மாமியார் வீட்டில் மருமகன்கள் படும் சங்கடம் எனக்கு அப்போதே பழகிவிட்டது.

அந்த மார்க் சித்திக்கு உயிர் மாதிரி. போன வருடம் இதே தேர்வில் அவள் கோட்டைவிட்டிருந்தாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் தேர்வாளரைப் பார்த்துப் பயந்து ஒருவன்கூட வாய் திறக்கவில்லை. சித்தி கேள்வி கேட்க, சுவர் பதில் சொல்ல, மணி அடித்துவிட்டது. "இந்த வாட்டியும் போச்சுன்னா படிச்சது போதும்" என்று அவலூர்பேட்டையில் தாத்தா சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் ஒரு மாப்பிள்ளையையும் பார்த்து வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு மீசை இருந்தது, சொந்தமாக டிராக்டர் இருந்தது. டீச்சர் வேலைக்குப் போகிற பெண்டாட்டி மட்டும் அவருக்கு வேண்டாமாம்.

அதனால் இந்த முறை சித்தி எதையும் கடவுள் கையில் விடவில்லை. தேர்வுக்கு எடுத்துக்கொண்ட பாடம் பாறைச் சிதைவு. எங்கள் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை தெரியும். மலை முழுக்க, யாரோ அள்ளிக் கொட்டிவிட்டு மறந்துபோன மாதிரி உருண்டைப் பாறைகள். சித்தி ஜன்னல் பக்கம் கைகாட்டி, "இந்தப் பாறைகள் எப்படி இப்படி உருண்டையாயின?" என்று கேட்பாள். முதலில் ஒருவன் எழுந்து தப்பாகச் சொல்வான். வகுப்பு சிரிக்கும். "நல்ல முயற்சி. ஆனால் சரியில்லை. வேறு யாராவது?" என்பாள். அடுத்து முதல் ரேங்க் வாங்கும் ஷபானா எழுந்து சரியாகச் சொல்வாள். வகுப்பு கைதட்டும். உடனே சித்தி கைப்பையிலிருந்து பெரிய வெங்காயம் ஒன்றை எடுத்துத் தோல் தோலாக உரித்துக் காட்டுவாள். பாறையும் இப்படித்தான் உரிகிறது.

தப்புப் பதில் எதற்கு என்று வீட்டில் கேட்டேன்.

"எல்லாரும் கரெக்டா சொன்னா அந்த ஆளுக்கு டவுட்டு வந்துடும்டா" என்றாள் சித்தி. "ஒருத்தனாச்சும் தப்பா சொன்னாத்தான் நேச்சுரலா இருக்கும்."

"அதுக்கு நான்தான் கெடச்சனா?"

"நீ சொன்னாத்தான் எல்லாரும் நம்புவாங்க."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தினம் ஒரு முட்டை பப்ஸ் என்று பேரம் முடிந்தது. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு மிட்டாய்தான். அதுவும் ஒத்திகை நாட்களில் மட்டும்.

என் வசனம் இது: "ராஜா யானைகளை வைத்து உருட்டி உருட்டிக் கொண்டுவந்தார் டீச்சர்." இதை நான் வீட்டில் பல் தேய்க்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். நைனா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் அம்மாவிடம், "இவனுக்கு இன்னாத்துக்கு பிராக்டிஸு? சும்மா எழுப்பி வுட்டாலே தப்பாத்தான சொல்லுவான்" என்றார்.

ஒத்திகைகள் பிரமாதமாக நடந்தன. சிரிப்புக்கும் ஒத்திகை உண்டு. அதிகமாகச் சிரித்தால் ஒழுங்கில்லாத வகுப்பு என்று ஆகிவிடும் என்பதால், பல் தெரியாமல் சிரிக்கச் சொல்லியிருந்தாள். இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்து வைத்து, வீட்டுக்கு வந்து போட்டுப் பார்ப்பாள். தூக்கத்தில்கூட "வேறு யாராவது?" என்பாள்.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் வயதானவர். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் ரெக்சின் பை. சித்தி முன்வரிசை ஓரமாக அவருக்கு நாற்காலி போட்டு, அதன்மேல் துண்டுகூட விரித்திருந்தாள். அவர் அதைப் பார்க்காமலேயே நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். விபூதி வாசனை வந்தது. நான் என் பெஞ்சுக்காரன் ஆரோக்கியத்தின் மடியில் பாதி உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குனிந்து காதோரமாக, "நல்லா படிப்பியா தம்பி?" என்றார்.

பதினான்கு வருட வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையாக இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வழக்கமாக இது "எங்க படிக்கப் போறான்" என்ற வடிவத்தில், அம்மாவிடம்தான் கேட்கப்படும். நான் தயங்காமல், "நல்லா படிப்பேன் சார்" என்றேன். ஆரோக்கியம் இருமினான்.

சித்தி பாடத்தைத் தொடங்கினாள். குரல் நடுங்காமல் வந்தது. ஜன்னல் பக்கம் கைகாட்டினாள். கேள்வி வந்தது. நான் எழுந்தேன். பக்கத்தில் அவர் நிமிர்ந்து என் முகத்தையே ஆவலாகப் பார்த்தார், தன் பேரன் மேடையேறியது மாதிரி. இப்போதுதானே நல்லா படிப்பேன் என்று சொன்னோம்? அந்த முகத்தைப் பார்த்து ராஜா, யானை என்று எப்படிச் சொல்வது?

"பகல் வெயிலில் விரிந்து, இரவுக் குளிரில் சுருங்கி, பாறையின் மேல்பகுதி அடுக்கடுக்காக உரிந்து உருண்டையாகிறது டீச்சர்."

ஷபானாவின் பதில். ஒத்திகையில் தினம் கேட்டுக் கேட்டு, எனக்கே தெரியாமல் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

வகுப்பு பல் தெரியாமல் சிரித்தது.

"நல்ல முயற்சி. ஆனால் சரியில்லை" என்றாள் சித்தி. "வேறு யாராவது?"

அவளுடைய காது அன்று வேலை செய்யவில்லை. வாய் மட்டும் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஷபானா எழுந்தாள். அவள் நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். அவளிடம் இருந்தது ஒரே பதில். அதை நான் சொல்லியாகிவிட்டது. அது தப்பு என்று டீச்சரும் சொல்லியாகிவிட்டது. வகுப்பின் முதல் மாணவி என்ன செய்வாள்? மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டாள்.

"ராஜா யானைகளை வைத்து உருட்டி உருட்டிக் கொண்டுவந்தார் டீச்சர்."

"மிகச் சரியான பதில்" என்றாள் சித்தி. வகுப்பு கைதட்டியது.

கைதட்டல் பாதியில் ஒவ்வொரு கையாக நின்றது. சித்தி பைக்குள் கைவிட்டு வெங்காயத்தை எடுத்தாள். எடுத்த பிறகுதான் அவள் காதுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது போலிருக்கிறது. யானைக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் பாலம் எதுவும் இல்லை. கையில் வெங்காயத்தோடு அப்படியே நின்றாள். ஜன்னல் வழியே எனக்கு டிராக்டர் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

தேர்வாளர் மெதுவாகச் சொன்னார்: "ம், நடத்துங்கம்மா."

சித்தி வெங்காயத்தை மேசைமேல் வைத்தாள். புடவை முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு, செல்போன் படத்தில் எங்கேயும் இல்லாத ஒரு குரலில், வீட்டில் பேசுகிற குரலில், "ரெண்டு பேரு ரெண்டு பதில் சொல்லியிருக்காங்க. நான் ஒண்ண சரின்னேன். நான் சொன்னா சரியாயிடுமா? உங்களுக்கு இன்னா தோணுது?" என்றாள்.

வகுப்புக்கு ஒன்றும் புரியவில்லை. இது ஒத்திகையில் இல்லை. அப்புறம் ஆரோக்கியம் எழுந்தான். அவன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தான்.

"எங்க பெரியப்பா கல்லு ஒடைக்கப் போவாரு டீச்சர். பாறை மேல கட்டைய அடுக்கிக் கொளுத்துவாங்க. சூடு ஏறுனா அப்பளம் மாதிரி ஏடு ஏடா வந்துடும். அப்ப வெயிலுக்கும் கொஞ்சம் வருமில்ல?"

ஷபானா விடவில்லை. டீச்சர் சரி என்று சொன்ன பதிலை அவள் எப்படி விடுவாள்? "உரிஞ்சிதுன்னா தோலெல்லாம் எங்க? வெங்காயம் உரிச்சா தோலு கெடக்குதில்ல?"

"மலைக்குக் கீழ போய்ப் பாரு. பலகை பலகையா கெடக்குது. அது மேல உக்காந்துதான் நாங்க புளிசோறு சாப்ட்டோம்."

"அது ராஜா போட்டது."

"எல்லாத்தையும் ராஜாவே போட்டா அவரு எப்பதான் சண்டைக்குப் போனாரு? சரி, உச்சிப் பாறைய வச்சிட்டு யானை எப்படி எறங்கிச்சி?"

"ஏறுனா மாதிரியே எறங்கிச்சி."

இப்போது எல்லோரும் பல் தெரியச் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். ஜன்னலோரம் ஒரே கூட்டம். ஒவ்வொரு பாறையாகக் காட்டி, இது உரிந்ததா, உருட்டியதா என்று வழக்கு நடந்தது. சித்தி இந்தப் பக்கம் ஒரு கேள்வி, அந்தப் பக்கம் ஒரு கேள்வி என்று போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஷபானாவே வெங்காயத்தை எடுத்து உரித்துப் பார்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "சரி டீச்சர், உரியுது" என்று வழக்கை வாபஸ் வாங்கினாள். என் பங்குக்கு நான் அந்த ஒரே வாக்கியத்தை மூன்று முறை எழுந்து சொன்னேன். வேறெதுவும் எனக்குத் தெரியாது. மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

தேர்வாளர் முன்னால் வந்தார். சித்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நல்லா படிக்கிற பொண்ணு வாயில தப்பான பதில வெச்சு, இந்தத் தம்பி வாயில சரியான பதில வெச்சு, நீங்களும் வேணும்னே மாத்திச் சொல்லி, வகுப்ப சண்ட போட விட்டீங்க. நல்ல யோசனைம்மா. திட்டம் போட்டுத்தான செஞ்சீங்க?"

சித்தி வாயைத் திறந்தாள். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்று தாளை ரெக்சின் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சித்தி நல்ல மார்க்கோடு தேறினாள். மாப்பிள்ளை டிராக்டரோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். ரிசல்ட் வந்த அன்று வீட்டில் பிரியாணி. நான் சட்டைப்பையில் இரண்டு பேனா சொருகிக்கொண்டு, கக்கத்தில் தலையணையை இடுக்கிக்கொண்டு, தேர்வாளர் மாதிரி நடந்து காட்டினேன். "திட்டம் போட்டுத்தான செஞ்சீங்க?" என்று அவர் குரலிலேயே கேட்டேன். நைனாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த உற்சாகத்தில், "அவ்ளோ பெரிய ஆளு, இவ்ளோ பெரிய ஏமாளி. பக்கத்துலயே உக்காந்திருந்தாரு, ஒண்ணும் கண்டுபிடிக்கத் தெரியல" என்றேன்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. "அவர இன்னொரு வாட்டி அப்படிச் சொன்ன, பல்ல ஒடச்சிடுவேன். உக்காந்து சாப்டு" என்றாள்.

நான் அன்று பதிலை மாற்றிச் சொன்ன கோபம் அவளுக்கு இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு, தலையணையைக் கீழே போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.