உள்ளங்கால் யோகம்

என் வீட்டுக்காரர் சுகுமாறனை மலேசியாவில் கோலா சிலாங்கூர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் தெரியாதவர்கள் குறைவு. எண்ணெய் ஆலைக்குக் குலை ஏற்றும் லோரியை ஓட்டியே தலை நரைத்தவர். பேச்சு அதிகம், கோபம் கிடையாது. அவர் பங்குக் கோபத்தையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டான் ஆண்டவன். அரைமணியில் வருகிறேன் என்று தேத்தண்ணீர் குடிக்கப் போனவர், மத்தியானம் மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்தோடு வந்து நிற்பார். நான் வாயைத் திறந்தால், “சூடா இருக்கு லீலா, மொதல்ல சாப்பிட்டுட்டுத் திட்டு” என்பார். அப்புறம் எங்கே திட்டுவது?

அவருக்கு ஒரே ஆசை, விமானம் ஏறிப் பழனிக்குப் போக வேண்டும். அதனால்தான் இடது உள்ளங்காலில் புதிதாக ஒரு கறுப்பு மச்சம் தெரிந்தபோது மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளங்காலில் மச்சம் வந்தால் வெளிநாடு போகும் யோகம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். பக்கத்து வீட்டுத் துளசி அக்காவும் கட்டாயம் நடக்கும் என்று சொல்லிவிட்டார். மறுவாரமே இவர் போய்க் கடப்பிதழ், அதான் பாஸ்போர்ட், எடுத்துக்கொண்டு வந்தார்.

போகப் போக அந்த மச்சம் பெரிதானது. “யோகம் வளருது லா” என்று கடையெல்லாம் சொல்லித் திரிந்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். “மச்சக்காரரே, சாப்பிட வாங்க” என்று கூப்பிடுவதே பழக்கமாகிவிட்டது. அந்தக் காலை ஒருநாளும் நான் நன்றாகப் பார்த்ததில்லை. வேலை நேரத்தில் பூட்ஸ் போட்டிருப்பார், வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்வார். ஆளைப் பார்த்துக் கால் நீட்டுவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்.

என் கவலையெல்லாம் என் முகத்தைப் பற்றித்தான். கன்னத்திலும் கழுத்திலும் சின்னச் சின்ன மச்சங்கள் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தன. தோல் புற்றுநோய், மெலனோமா என்று வாட்சாப்பில் எதையோ பார்த்ததிலிருந்து கண்ணாடியை விட்டு நகர மாட்டேன். என் தொல்லை தாங்காமல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் ரூபினி நம் தமிழ்ப் பிள்ளை. என் கன்னத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “ஒன்னும் பயம் இல்ல ஆண்ட்டி. வயசானா இப்படி வரும்” என்றாள். பயம் போனது, ஆனால் வயசானா என்ற சொல் கொஞ்சம் குத்தியது. “அப்ப அந்த மெலனோமா எப்படித்தான் வருது?” என்று கேட்டேன்.

“தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லு கெட்டுப்போய், அடங்காமப் பெருக ஆரம்பிக்கும். மொதல்ல பெரும்பாலும் மேல்தோல்லயே கறை மாதிரி படரும். அப்பவே பாத்துட்டா வெட்டி எடுத்துரலாம். விட்டா கீழ எறங்கும், அப்புறம் உடம்புல மத்த எடத்துக்கும் போயிரும். நம்ம நிறத்துக்கு இந்த நோய் ரொம்ப அபூர்வம். வந்தா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் அதிகமா வரும். வெயிலே படாத எடம்தானேன்னு நாம பாக்க மாட்டோம்.”

நான் மெதுவாக அவர் பக்கம் திரும்பினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். “என் கால்ல இருக்கறது வேற டாக்டர். அது யோக மச்சம்.”

“காட்டுங்க அங்கிள்.”

“உங்க முன்னால காலைத் தூக்குறதா? மரியாதை இல்லம்மா.”

எனக்கு வந்த கோபத்தில் குனிந்து நானே செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் கன்னங்கறுப்பு. ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருந்தது. டாக்டர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தாள். “வளருதா அங்கிள்?” என்று கேட்டாள். அத்தனை கடையில் சொன்ன மனுஷன் அங்கே காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான்தான் “வளருது” என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் சதைத்துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவர் கடைப்பக்கமே போகவில்லை. வீடு சத்தமில்லாமல் கிடந்தது, எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒருநாள் சோறு போடும்போது, “எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நீ பழனிக்குப் போயிட்டு வந்துரு லீலா. துளசியக் கூட்டிக்க” என்றார். கரண்டியைச் சட்டியில் போட்டேன். “நீங்க இல்லாம நான் எந்தச் சாமியப் பாக்கணும்?” என்று கத்திவிட்டு, அடுப்பங்கரையில் போய் அழுதேன்.

அந்த நோய்தான் என்று முடிவு வந்தது. ஆனால் மேல்தோலோடு நின்றிருந்தது, கீழே இறங்கவில்லை. சுற்றிலும் அகலமாக வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். புதிதாக ஏதாவது வருகிறதா என்று இனி எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள்.

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஞாயிறு காலையில் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அவர் காலை என் மடியில் வைத்து விரலிடுக்கு, நகம் எல்லாம் பார்க்கிறேன். முதலில் வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார். இப்போது கூப்பிடுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

போன வாரம் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். “மச்சம் போச்சு லீலா. இனி நான் மச்சக்காரன் இல்ல. வெறும் ஆளு.”

“வெறும் ஆளே போதும் எனக்கு” என்றேன். “அந்தக் காலையும் நீட்டுங்க.”