பித்தளை உரலில் இடித்த கரி

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் நானும் என் தோழி ஒருத்தியும் பாடம் எடுக்கிறோம். அவளைவிட எனக்கு ஆறு வயது கூட. அதனால் எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசுவேன். அவளும் பெரிய மனதோடு கேட்டுக்கொள்வாள். மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துப் பெண். பாடம் எடுத்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிந்திருந்தாள்.

மருந்து செய்வதற்காக இரண்டு மூலக்கூறுகளை இணைக்கும் வேலை அவளுடையது. அதற்கு வினையூக்கியாக வழக்கமாக ஓர் உலோகம் வேண்டும். பிறகு அதை மருந்திலிருந்து நீக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். உலோகமே வேண்டாம், கரும்புச் சக்கையைக் கரியாக்கிப் போட்டால் போதும் என்றாள். நான் சிரித்தேன். கரி வேலை செய்தது. கண்ணாடிக் குழாயில் கலவை சொட்டுச் சொட்டாகப் பிரிந்து இறங்கும்வரை பகல் முழுக்க நிற்பாள். அந்தப் பொறுமை எனக்கு ஏழு பிறவிக்கும் வராது.

கட்டுரை வெளியானது. இரண்டாவது பெயர் என்னுடையது, மூன்றாவது அவளுடைய ஆய்வு நெறியாளருடையது. அந்தக் கட்டுரை இருந்தால்தான் அவளால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். பதிவுக்காலம் முடியச் சில மாதங்களே இருந்தன.

அப்போது வடக்கிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி மின்னஞ்சல் அனுப்பினாள். நாங்கள் எழுதியபடியே செய்து பார்த்தாளாம், ஒன்றும் நடக்கவில்லையாம். அவளுக்குக் கைப்பழக்கம் போதாது என்று பதில் எழுதச் சொன்னேன். இவள் எழுதவில்லை. பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து வந்து, சனிக்கிழமை இடித்த கரி மட்டும் ஏன் எப்போதும் கூடுதலாக வேலை செய்கிறது என்று கேட்டாள்.

காரணம் அவள் வீட்டில் இருந்தது. துறையில் கரி இடிக்கும் பீங்கான் கல்வம் உடைந்து, புதியது வராததால், வெற்றிலை இடிக்கும் பித்தளை உரலில் வீட்டிலேயே கரியை இடித்துக் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுமுன் பித்தளைச் சாமான் அத்தனையையும் புளி போட்டுத் துலக்குவார்கள், உரலையும் சேர்த்துத்தான். பளபளவென்று துலக்கிய உரலிலிருந்து செம்பு கரியில் இறங்கியிருக்கிறது. வேலை செய்தது அந்தச் செம்பு. புதுக் கல்வம் வாங்கி இடித்துப் பார்த்தாள். மூன்று முறையும் ஒன்றும் நடக்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறப்போகிறேன் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் பட்டத்தை வாங்கு, யாருக்குத் தெரியப்போகிறது என்று கத்தினேன்.

"எனக்குத் தெரிஞ்சி போச்சேக்கா," என்றாள். "அங்க ஒரு பொண்ணு நம்மள நம்பி இடிச்சிக்கினு இருக்குது. அதுக்கு இன்னா பதில் சொல்றது?"

திரும்பப் பெறும் கடிதத்தில் மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும். நெறியாளர் மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டார். நான் நான்கு நாள் பையிலேயே வைத்திருந்தேன். என் பதவி உயர்வுக்குக் காட்டிய கட்டுரைகளில் அதுவும் ஒன்று. அவள் வழக்கம்போல டிபன் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினாள்.

ஐந்தாம் நாள்தான் கடிதத்தை முழுதாகப் படித்தேன். தவறு முழுக்கத் தன்னுடையது, இணை ஆசிரியருக்கு இதில் பங்கில்லை என்று எழுதியிருந்தாள். கட்டுரை எழுதும் முன், கரியில் உலோகம் இருக்கிறதா என்று சோதிக்க மாதிரியை அனுப்பியது நான். இடித்த கரி தீர்ந்துபோனதால், எல்லாம் ஒன்றுதானே என்று இடிக்காத கரியை அனுப்பியிருந்தேன்; அதனால்தான் சோதனையில் செம்பு தெரியவில்லை. அது அவளுக்கும் தெரியும். வெட்கமாக இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, நான் செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதிவுக்காலம் ஒரு வருடம் நீட்டிக்கப்பட்டது. மலைமேல் கரியாலூரிலிருந்து கடுக்காய் வாங்கி வந்து, அதன் துவர்ப்புச் சத்தில் செம்பைப் பிடித்து நிறுத்தி, இம்முறை செம்பு என்று தலைப்பிலேயே சொல்லிப் புதிதாக ஒரு வினையூக்கி செய்தாள். வாய்மொழித் தேர்வில், இத்தனை வருடத்தில் நீங்கள் கண்டுபிடித்தது என்ன என்று தேர்வாளர் கேட்டார். அவள் கடுக்காயைப் பற்றிப் பேசுவாள் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். "முதல் கட்டுரை தப்புன்னு கண்டுபிடிச்சேங்க," என்றாள். பின்வரிசையில் எனக்குக் கண் நிறைந்து, அடுத்து அவள் காட்டிய படங்கள் எதுவும் தெரியவில்லை.