ஸ்டூல்கள் முன்னே, பஸ்கள் பின்னே

அந்த பஸ் கம்பெனியில் அவளை எல்லோரும் சிக்னல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கையைத் தூக்கினால் பஸ் என்ன, மேலே பறக்கிற காக்காய்கூட ஒரு நொடி நின்று, "போலாமா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

பல வருஷம் ஆபீசில் போன் எடுத்தவள். "பஸ் எங்க வருது, எப்ப வருது" என்று ஊரே கேட்டுக் கேட்டு, சந்துபொந்தெல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. அப்புறம் கண்காட்சி, மாநாடு என்று வருகிறவர்களுக்கு வண்டி பிரித்து விடுகிற வேலையில் கைகொடுக்கப் போனாள். கொடுத்த கையை அவர்கள் திருப்பித் தரவே இல்லை.

இந்த முறை இயந்திரக் கண்காட்சி. ஊரில் உள்ள ஹோட்டலெல்லாம் பிதுங்கி வழிந்தது. விருந்தாளிகளை அழைத்து வருவதிலிருந்து, கடைசி நாள் சாயங்கால ரயிலில் ஏற்றிவிடுவது வரை மொத்தப் பொறுப்பும் முதல் தடவையாக அவள் தலையில்.

"ஒருத்தர்கூட ரயில விடக் கூடாதும்மா" என்றார் மேனேஜர். "விடலைன்னா, அடுத்த மாநாடும் உனக்குத்தான். விட்டாங்கன்னா, உன் பழைய போன் அங்கேயே இருக்கு."

அக்கா திட்டம் போடுவது வீட்டுச் சாப்பாட்டு மேசையில். மசாலா டப்பாக்கள் ஹோட்டல்கள், குக்கர் கண்காட்சி அரங்கம், ஸ்பூன்கள் பஸ்கள். லாண்டரி வைத்திருக்கும் அவளுடைய வீட்டுக்காரர் பசியோடு வந்து ஒரு ஸ்பூனில் கை வைத்தார்.

"அதை எடுக்காதீங்க. அது ஸ்டேஷனுக்குப் போய்க்கிட்டிருக்கு."

"எப்பத் திரும்பி வரும்?"

"ஆள இறக்கிட்டுத்தான் வரும். இன்னிக்குக் கையால சாப்பிடுங்க."

அக்காவின் தொழில் ரகசியம் ஒன்று உண்டு. வரும்போது ஜனங்கள் கையை வீசிக்கொண்டு வருவார்கள், போகும்போது பை பையாகச் சுமந்துகொண்டு போவார்கள். ஆகவே தலையை மட்டும் எண்ணாமல் கையையும் பார்க்க வேண்டும். இதற்காகவே கண்காட்சியில் ஒவ்வொரு கடையாகப் போய், என்ன இலவசம் தரப் போகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவிடுவாள். பேனா, தொப்பி, துணிப்பை என்றார்கள். பஸ் வயிற்றுக்குள் எல்லாம் அடங்கும். அவள் கேட்க மறந்தது ஒன்றே ஒன்று: கடையைக் கட்டும்போது என்ன செய்வீர்கள்?

கடைசி நாள், பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் விற்கிற கம்பெனிக்காரன், அந்த இயந்திரத்தில் செய்து பார்வைக்கு அடுக்கியிருந்த ஸ்டூல் மலையைப் பார்த்தான். திரும்பத் தூக்கிக்கொண்டு போகச் சோம்பல் வந்தது. "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று வள்ளலாக மாறிவிட்டான்.

வாசலில் நின்ற அக்கா பார்த்தாள். சிவப்பும் நீலமுமாக நாலு கால் ஸ்டூல்கள் ஊர்வலம் வந்தன. கோட்டு போட்டவர் தலையில் ஒன்று, டை கட்டியவர் கக்கத்தில் ஒன்று. பஸ்ஸின் வயிற்றில் ஏற்கனவே பெட்டிகள். உள்ளே நுழைந்த சிலர் சீட்டுகளுக்கு நடுவே நடக்கிற வழியில் ஸ்டூலைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தே விட்டார்கள்.

முதல் பஸ்ஸின் டிரைவர் அவளுடைய சொந்தக் கொழுந்தன். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"அண்ணி, வழிய மறிச்சு ஆள உக்கார வச்சு நான் ஓட்ட மாட்டேன்."

"நானும் ஓட்டச் சொல்லலையே."

"அப்ப ஸ்டூல் இங்கயே இருக்கட்டும்னு சொல்லுங்க."

அவளும் சொல்லிப் பார்த்தாள். டை கட்டியவர் ஸ்டூலை மார்போடு அணைத்துக்கொண்டார். "இது இல்லாம நான் ஏற மாட்டேன்மா."

"ரயில் போயிடும் சார்."

"ஸ்டூலும் போயிடுமே."

கொழுந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணி, நாளைக்கே ஆபீசுல அந்தப் பழைய போன தொடச்சு வச்சிருங்க" என்றான். அக்கா ரயில் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இருந்தாலும் முறைப்பதில் குறை வைக்கவில்லை.

அப்போதுதான் பின்வாசல் ஞாபகம் வந்தது. கடைகளைப் பிரித்து ஏற்ற வந்த காலி லாரிகள் அங்கே வரிசையாக நின்றன. பார்வையாளர்கள் எல்லோரும் வெளியேறினால்தான் அவற்றை உள்ளே விடுவார்கள். லாரிக்காரர்கள் கொட்டாவி விட்டே வாய் கிழிந்து நின்றார்கள்.

அக்கா நேராகப் போய் முதல் லாரிக்காரரிடம் கேட்டாள். "அண்ணே, நீங்க உள்ள போகணுமா, வேணாமா?"

"ஏம்மா வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுற?"

"அவங்க போனாத்தான் நீங்க உள்ள போக முடியும். ஸ்டூல் போனாத்தான் அவங்க போவாங்க. ஒரு நடை ஸ்டேஷன் வரைக்கும் வாங்க."

லாரி முன்வாசலுக்கு வந்தது. ஸ்டூல்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி ஏற்றினார்கள். டை கட்டியவர் மட்டும் விடவில்லை.

"என்னோடது சிவப்பு. மாறிடாதே?"

"பேரு வச்சு வளத்தீங்களா சார்? எல்லாம் ஒரே அச்சுல பொறந்ததுங்க. அங்க இறங்குனதும் சிவப்பா ஒண்ணு எடுத்துக்கோங்க."

ஸ்டூல் ஏறிவிட்டது. ஆனால் ஜனங்கள் பஸ் ஏறவில்லை. லாரியைச் சுற்றிக் காவல் நின்றார்கள். அக்கா ஒரு கணம் யோசித்தாள். பிறகு கையைத் தூக்கி லாரிக்காரரிடம், "நீங்க முன்னாடி போங்க" என்றாள்.

லாரி கிளம்பியதுதான் தாமதம். ஓசி ஸ்டூல் கண்ணெதிரே போகிறதே என்று கூட்டம் பஸ்களுக்குள் பாய்ந்தது. வழக்கமாக "ஏறுங்க, ஏறுங்க" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். அன்று கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை பஸ்ஸும் நிறைந்துவிட்டது. "அந்த லாரிய விட்டுடாதப்பா" என்று டிரைவருக்குப் பின்னால் ஒரே கூச்சல். கொழுந்தன் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்தான்.

ஸ்டேஷனில் ஆளுக்கொரு ஸ்டூலோடு கடைசி ஆள்வரை ரயில் ஏறினார்கள். டை கட்டியவர் ஜன்னல் வழியாகச் சிவப்பு ஸ்டூலை ஆட்டி விடை சொன்னார். போர்ட்டர் ஒருவர், "யாருங்க இப்படி லாரிய முன்னால விட்டது?" என்று கேட்க, கொழுந்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க அண்ணி. வேற யாருக்கு வரும் இந்த மூளை" என்றான். அக்கா காதில் விழாத மாதிரி நின்றாள். ஆனால் இரண்டு அடி கிட்டே வந்து நின்றாள்.

மேனேஜர் போன் செய்தார்.

"யாராச்சும் ரயில விட்டாங்களா?"

"ஒருத்தரும் விடல சார்."

"சொன்ன சொல்லு சொன்னதுதான். டாக்டருங்க மாநாடு உனக்கு. எத்தனை பஸ் வேணும்?"

"அதை அப்புறம் சொல்றேன். கடை கட்டுற நேரத்துல எதையெல்லாம் அள்ளிக் கொடுப்பாங்கன்னு கேட்டு வைங்க. கட்டில்னு சொன்னா, இப்பவே லாரிக்குச் சொல்லிடுவோம்."